ஓடைக்கரையின் இரு பச்சைகள்

தீபகற்ப மலேசியாவின் மலையடிவாரக் காடுகளில் ஓடும் ஓடைகளுக்கு ஒரு தனி அழகு உண்டு. உயர்ந்த மரங்களின் இலைகளுக்கு இடையே ஆங்காங்கே வெயில் விழும். பாறைகளைச் சுற்றித் தெளிந்த நீர் சலசலத்து ஓடும். இத்தகைய ஓடைக்கரைகளில் சில வேளைகளில் பச்சை நிறம் ஒன்று பளிச்சிட்டு மறையும். அந்தப் பச்சை இரு வேறு பூச்சிகளுள் ஒன்றினுடையதாக இருக்கலாம். ஒன்று, குச்சியைப் போன்ற மெல்லிய உடலைக் கொண்ட ஊசித்தட்டான். மற்றொன்று, சிறு பறவை என்று எண்ணத் தோன்றும் அளவுக்குப் பெரிய வண்ணத்துப்பூச்சி.

இவ்விரண்டும் காட்டில் வாழ்பவை. இரண்டும் நான்கு சிறகுகளையும் ஆறு கால்களையும் கொண்டவை. இரண்டிலும் ஆண் பூச்சியே பச்சையாக ஒளிர்கிறது. ஆனால், இவை பிறக்கும் இடம் வேறு. உண்ணும் உணவு வேறு. பகைவரிடமிருந்து தப்பும் முறையும் வேறு. இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால், ஒரு காட்டைக் காப்பது என்பதன் முழுப் பொருளும் விளங்கும்.

பெயரும் வரலாறும்

முதலில் ஊசித்தட்டானைப் பார்ப்போம். இதன் அறிவியல் பெயர் நியூரோபேசிஸ் சைனென்சிஸ். மரகதக் கல்லைப் போல மின்னுவதால் இதனை மரகத ஊசித்தட்டான் எனலாம். சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் கார்ல் லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டிலேயே இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பெயரில் சீனா இருந்தாலும் இது சீனாவில் மட்டும் வாழும் பூச்சி அன்று. இந்தியா முதல் தென்கிழக்காசியா வரை பல நாடுகளின் ஓடைகளில் இது காணப்படுகிறது. தமிழகத்தை ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலும் இதே இனம் வாழ்கிறது.

அடுத்தது, ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சி. டுரோகனோப்டெரா புரூக்கியானா என்பது இதன் அறிவியல் பெயர். ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் என்னும் ஆங்கிலேய இயற்கை அறிஞர் சரவாக்கில் தங்கியிருந்தபோது, 1855-ஆம் ஆண்டில் இதனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அப்பொழுது சரவாக்கை ஆண்ட ராஜா ஜேம்ஸ் புரூக்கின் பெயரையே இதற்குச் சூட்டினார். இன்று இது மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சியாகக் கருதப்படுகிறது.

உருவத்தில் வேற்றுமை

மரகத ஊசித்தட்டானின் உடல் நீளம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். தலையின் இரு பக்கங்களிலும் இரு பெரிய கூட்டுக் கண்கள் விலகி நிற்கும். உணர்கொம்புகள் மிகச் சிறியவை. உற்றுப் பார்த்தாலன்றித் தெரியா. ஆணின் முன்சிறகுகள் கண்ணாடி போன்றவை. பின்சிறகுகளின் மேற்பரப்பு மட்டும் உலோகப் பச்சையாக ஒளிரும். அவற்றின் நுனி கருமையாக இருக்கும். பெண்ணின் சிறகுகளில் இந்தப் பச்சை இல்லை. அவை இளம்பழுப்புச் சாயல் கொண்டவை.

தும்பி எனப்படும் பெரிய தட்டான் அமரும்போது தன் சிறகுகளை விமானத்தின் இறக்கைகள் போல விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான் இனங்களுள் பெரும்பாலானவை சிறகுகளை முதுகின்மேல் சேர்த்து மடக்கிக்கொள்ளும். மரகத ஊசித்தட்டானும் அவ்வாறே அமர்கிறது. அப்பொழுது சிறகின் அடிப்பக்கத்துப் பழுப்பு நிறமே வெளியில் தெரியும். ஆகவே, பாறைமீது அமர்ந்திருக்கும்போது அது கண்ணில் படுவது அரிது. சிறகைத் திடீரென விரிக்கும்போதுதான் மறைந்திருந்த பச்சை வெளிப்படுகிறது.

ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியோ சிறகுகளை விரித்தால் 15 முதல் 17 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். மாணவர் ஒருவரின் விரித்த உள்ளங்கையை அது எளிதில் மறைத்துவிடும். அதன் நீண்ட சிறகுகள் பறவையின் சிறகுகளை நினைவூட்டுவதால், இது பறவைச்சிறகு வண்ணத்துப்பூச்சிகள் என்னும் கூட்டத்தில் சேர்க்கப்படுகிறது. ஆணின் சிறகுகள் கருமையானவை. அந்தக் கருமையின்மேல் முக்கோண வடிவப் பச்சைத் திட்டுகள் வரிசையாக அமைந்திருக்கும். கழுத்தைச் சுற்றிச் செந்நிற மயிர்கள் மாலை போலக் காணப்படும். பெண் பூச்சி பழுப்பு நிறம் மிகுந்தது. அதன் முன்சிறகுகளின் நுனியில் வெண்திட்டுகள் உண்டு. பெண் பூச்சிகள் பெரும்பாலும் மரங்களின் உச்சியிலேயே பறந்து திரிவதால், மனிதர் கண்ணில் படுவது குறைவு.

பறக்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. ஊசித்தட்டான் தன் முன்சிறகுகளையும் பின்சிறகுகளையும் தனித்தனியே இயக்கவல்லது. அதனால் அது ஓரிடத்தில் நிலைத்து நிற்கவும் சட்டெனத் திரும்பவும் முடிகிறது. வண்ணத்துப்பூச்சியின் முன்சிறகும் பின்சிறகும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒரே சிறகு போலச் சேர்ந்து அசைகின்றன.

சாயமில்லாத பச்சை

இலை பச்சையாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள பச்சையம் என்னும் நிறமி. இவ்விரு பூச்சிகளின் சிறகுகளிலும் ஒளிரும் பச்சை அப்படிப்பட்டதன்று. அந்தப் பச்சையைச் சாயம் போலப் பிழிந்து எடுக்க முடியாது. அது ஒளியின் விளையாட்டு.

சவர்க்காரக் குமிழியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். சவர்க்கார நீருக்கு நிறம் இல்லை. ஆயினும், ஊதிய குமிழியில் பல வண்ணங்கள் நெளிகின்றன. குமிழியின் மெல்லிய படலத்தின் மேற்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் திரும்பி வரும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. அப்பொழுது சில நிறங்கள் வலுப்பெறுகின்றன. சில நிறங்கள் மங்குகின்றன. படலத்தின் தடிப்பு எந்த நிறத்திற்குப் பொருத்தமாக அமைகிறதோ அந்த நிறமே கண்ணுக்குத் தெரிகிறது.

இப்பூச்சிகளின் சிறகுகளிலும் மிக மெல்லிய அடுக்குகள் உள்ளன. ஒவ்வோர் அடுக்கின் தடிப்பும் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கைவிடக் குறைவு. அந்த அடுக்குகள் பச்சை ஒளியை வலுப்படுத்தித் திருப்பி அனுப்புகின்றன. அவற்றோடு அமைந்த கருநிறமி, தேவையற்ற பிற ஒளியை விழுங்கிவிடுகிறது. கரும்பலகையில் வெண்சுண்ணத்தால் எழுதிய எழுத்து எடுப்பாகத் தெரிவது போல, கருமையின் துணையால் பச்சை மேலும் எடுப்பாகிறது. பார்க்கும் கோணம் மாறும்போது ஒளிர்வும் மாறுவதற்கு இதுவே காரணம்.

முறை ஒன்றாக இருந்தாலும் அடுக்குகள் அமைந்த இடம் வேறு. ஊசித்தட்டானில் அவை சிறகின் சவ்விலேயே அமைந்துள்ளன. வண்ணத்துப்பூச்சியில் அவை, கூரையின்மேல் ஓடுகள் அடுக்கியது போலச் சிறகை மூடியிருக்கும் நுண்ணிய செதில்களில் அமைந்துள்ளன. வண்ணத்துப்பூச்சியைப் பிடித்தவரின் விரலில் ஒட்டும் பொடி அந்தச் செதில்களே. செதில் உதிர்ந்த இடத்தில் நிறமும் போய்விடும். அது மீண்டும் முளைப்பதில்லை. வண்ணத்துப்பூச்சியைக் கையால் பிடிக்கக்கூடாது என்று பெரியோர் சொல்வதில் பொருள் இருக்கிறது.

ஆண் பூச்சிக்கு இந்தப் பளபளப்பு எதற்கு? மரகத ஊசித்தட்டானைப் பொறுத்தவரை விடை தெளிவானது. ஆண் ஓடையின் ஒரு பகுதியைத் தன் எல்லையாகக் கொள்கிறது. வேறோர் ஆண் அங்கு நுழைந்தால் பச்சைச் சிறகுகளைக் காட்டி விரட்டுகிறது. பெண் வந்தாலோ அதே சிறகுகளை விரித்துக் காட்டித் தன்பால் ஈர்க்க முயல்கிறது. ஒரே பச்சை, பகைவனுக்கு எச்சரிக்கையாகவும் துணைக்கு அழைப்பாகவும் பயன்படுகிறது.

நீரில் ஒரு பிறப்பு, கொடியில் ஒரு பிறப்பு

இவ்விரு பூச்சிகளுக்கும் இடையே உள்ள மிகப் பெரிய வேறுபாடு அவற்றின் இளம்பருவத்தில்தான் இருக்கிறது.

பெண் ஊசித்தட்டான், நீரோடு ஒட்டிய செடிகளின் தண்டிலும் வேரிலும் சிறு துளையிட்டு முட்டைகளைச் செருகுகிறது. ஊசித்தட்டான்களுள் சில இனங்களின் பெண் பூச்சிகள், முழுதாக நீருக்குள் மூழ்கிக்கூட முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரிக்குச் சிறகுகள் இல்லை. அது நீருக்கடியில் கற்களுக்கும் வேர்களுக்கும் இடையே வாழ்கிறது. அதன் வால் நுனியில் மூன்று செவுள்கள் உள்ளன. நீரில் கரைந்துள்ள உயிர்வளியைப் பெற அவை உதவுகின்றன.

இந்த இளவுயிரி திறமையான வேட்டையாடி. அதன் கீழுதடு நீண்டு மடங்கும் கை போன்றது. கொசுப்புழு முதலிய சிற்றுயிர்கள் அருகில் வந்தவுடன், அந்த உதட்டைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நீட்டிப் பற்றிக்கொள்கிறது. வளர வளரப் பலமுறை தோலுரிக்கிறது. பருவம் முதிர்ந்ததும் நீரைவிட்டு ஏறி, பாறையையோ செடியையோ பற்றிக்கொள்கிறது. முதுகுத் தோல் வெடிக்கிறது. சிறகுள்ள ஊசித்தட்டான் வெளிப்படுகிறது. இதன் வாழ்வில் கூட்டுப்புழுப் பருவம் இல்லை. முட்டை, இளவுயிரி, பூச்சி என்று மூன்று பருவங்களே உள்ளதால் இதனை நிறைவுறா உருமாற்றம் என்பர்.

ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கை நீரில் தொடங்குவதில்லை. ஒரு கொடியில் தொடங்குகிறது. பெண் பூச்சி அரிஸ்டோலோக்கியா என்னும் வகையைச் சேர்ந்த காட்டுக்கொடியைத் தேடிச் சென்று முட்டையிடுகிறது. சித்த மருத்துவத்தில் பெயர்பெற்ற ஈசுவரமூலியும் அதே வகையைச் சேர்ந்ததுதான். முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு அந்தக் கொடியின் இலையே உணவு. வேறு மரஞ்செடிகள் எவ்வளவு செழித்திருந்தாலும் அவை அதற்குப் பயன்படா. புழு வளர்ந்து, பட்டு நூலால் தன்னைத் தண்டோடு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. கூட்டுக்குள் அதன் பழைய உடல் பெரும்பாலும் சிதைந்து புதிய உடல் உருவாகிறது. இறுதியில் சிறகுகளோடு வண்ணத்துப்பூச்சி வெளிவருகிறது. முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என நான்கு பருவங்கள் இருப்பதால் இது நிறைவுற்ற உருமாற்றம் ஆகும்.

உணவும் தற்காப்பும்

ஊசித்தட்டான் இளமையிலும் முதுமையிலும் ஊனுண்ணியே. நீரில் கொசுப்புழுவைத் தின்ற அது, சிறகு முளைத்த பிறகு சிறு பூச்சிகளைப் பறந்தபடியே பிடித்து உண்கிறது. முட்கள் நிறைந்த அதன் கால்கள் இரையைப் பற்றும் கூடையாகின்றன. அதற்கு நஞ்சும் இல்லை, கொடுக்கும் இல்லை. கூர்மையான கண்களும் விரைவாகத் திரும்பும் ஆற்றலுமே அதன் காவல்.

வண்ணத்துப்பூச்சி புழுப்பருவத்தில் இலையைத் தின்கிறது. சிறகு பெற்ற பின் உறிஞ்சுகுழலால் பூந்தேனைப் பருகுகிறது. அரிஸ்டோலோக்கியா கொடியின் இலையில் நஞ்சு உண்டு. பெரும்பாலான உயிரினங்கள் அதனைத் தீண்டா. ஆனால், இப்புழு அந்த இலையைத் தின்று நஞ்சைத் தன் உடலிலேயே சேமித்துக்கொள்கிறது. பூச்சியான பின்னும் அந்த நஞ்சு உடலில் தங்கியிருப்பதால், அதனைத் தின்ன முயலும் பறவைக்கு அது தகாத உணவாகிறது. ஒருமுறை தின்று துன்புற்ற பறவை, அந்த வண்ணத்தை மறப்பதில்லை. எனவே, இப்பூச்சி ஒளிந்து வாழத் தேவையில்லை. தன் அழகைக் காட்டிக்கொண்டு துணிவாகப் பறக்கிறது.

ஓடை இருவரையும் சேர்க்கும் இடம்

கொடியில் பிறந்து மர உச்சியில் தேன் பருகும் வண்ணத்துப்பூச்சி ஓடைக்கரைக்கு ஏன் வருகிறது? தேனில் இனிப்பு உண்டு. உப்புச் சத்து மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடுசெய்ய ஆண் வண்ணத்துப்பூச்சிகள் ஓடைக்கரையின் ஈர மண்ணையும் வெந்நீர் ஊற்றுகளின் ஓரங்களையும் நாடி வருகின்றன. அங்குள்ள கனிமங்கள் கரைந்த நீரை உறிஞ்சுகின்றன. பல ஆண் பூச்சிகள் ஒரே இடத்தில் கூடும்போது, ஈர மண்ணில் கரும்பச்சைப் பூக்கள் மலர்ந்தது போன்ற காட்சி தோன்றும். பேராக் மாநிலத்தில் கோப்பெங் நகருக்கு அருகிலுள்ள உலு கெரோ என்னும் சிற்றூர் இக்காட்சிக்குப் பெயர்பெற்றது.

ஆக, ஊசித்தட்டானுக்கு ஓடை பிறந்த வீடு. வண்ணத்துப்பூச்சிக்கு அது விருந்து மண்டபம். இருவரும் ஒரே கரையில் தோன்றினாலும் அவர்களின் தேவை ஒன்றல்ல.

எது அறுந்தால் எது அழியும்?

இந்த வேறுபாடு, காட்டிற்குத் தீங்கு நேரும்போதுதான் தெளிவாகப் புலப்படுகிறது.

மலைச்சரிவில் மரங்கள் வெட்டப்பட்டால், மழை பெய்யும்போது மண் அரித்து ஓடையில் கலக்கிறது. தெளிந்த நீர் தேநீர் நிறம் கொள்கிறது. ஓடையின் அடியிலுள்ள கற்களின்மேல் சேறு படிகிறது. கற்களின் இடுக்கில் வாழ்ந்த இளவுயிரிகளுக்கு மறைவிடமும் இரையும் இல்லாமல் போகின்றன. நிழல் குறைந்து நீர் சூடேறினால், அதில் கரைந்துள்ள உயிர்வளியின் அளவும் குறைகிறது. மரங்கள் ஓரளவு எஞ்சியிருந்தாலும், ஓடை கெட்டால் ஊசித்தட்டான் மறைந்துவிடும். இதனால்தான் ஆய்வாளர்கள் ஓர் ஓடையின் தூய்மையை மதிப்பிடும்போது, அங்கு எந்தெந்தத் தட்டான் இனங்கள் வாழ்கின்றன என்பதையும் கணக்கெடுக்கிறார்கள்.

வண்ணத்துப்பூச்சியின் நிலை வேறு. ஓடை தெளிவாகவே இருந்தாலும், கொடிகள் அழிந்தால் அதற்கு வாழ்வில்லை. பயனற்றவை என்று எண்ணிக் காட்டுக்கொடிகளை வெட்டி எறிவோர், தேசிய வண்ணத்துப்பூச்சியின் தொட்டிலையே வெட்டிவிடக்கூடும். அதற்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒளியடுக்குகளால் உண்டான நிறம், பூச்சி இறந்த பின்னும் எளிதில் மங்குவதில்லை. ஆகவே, சிறகுகளைக் கண்ணாடிச் சட்டத்தில் பதித்து விற்போர் இதனைத் தேடிப் பிடித்தனர். அழகே அதற்குப் பகையானது.

இன்று தீபகற்ப மலேசியாவில் 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ராஜா புரூக் வண்ணத்துப்பூச்சிக்குக் காவலாக உள்ளது. அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்னும் அனைத்துலக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. உரிய அனுமதியின்றி அதனை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்ல முடியாது.

சட்டத்தோடு மக்களின் மனமாற்றமும் சேரும்போது பயன் பெருகுகிறது. உலு கெரோவில் வாழும் செமாய்ப் பழங்குடி மக்களில் சிலர், முன்பு வருமானத்திற்காக இவ்வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்து விற்றனர். பின்னர், இயற்கை ஆர்வலர்களின் துணையோடு அவர்கள் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றனர். இறந்த பூச்சியை ஒருமுறைதான் விற்க முடியும். உயிரோடு பறக்கும் பூச்சியைக் காண மக்கள் மீண்டும் மீண்டும் வருவார்கள். காட்டின் பாதைகளை அறிந்த அவர்களின் பட்டறிவு, இப்பொழுது காட்டைக் காக்கப் பயன்படுகிறது.

மரகத ஊசித்தட்டான் உலக அளவில் அருகிவிட்ட இனமன்று. அதனைப் பிடித்துச் சட்டத்தில் மாட்டவும் பலர் அலைவதில்லை. ஆயினும், அதற்குரிய காவல் ஒன்று உண்டு. அது தெளிந்த ஓடை. ஒரு குறிப்பிட்ட ஓடை கலங்கிப் போனால், அந்த ஓடையில் அதன் வழிமுறை அறுந்துவிடும். பூச்சியைப் பிடிக்கக்கூடாது என்று பலகை வைப்பதால் மட்டும் அதனைக் காப்பாற்ற இயலாது. ஓடைக்கு மேலேயுள்ள மலைச்சரிவையும் காக்க வேண்டும்.

ஒப்பீடு தரும் பாடம்

தட்டான்களின் மூதாதையர் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வானில் பறந்தனர். வண்ணத்துப்பூச்சிகள் தோன்றி ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் ஆகின்றன. தொலைவான காலங்களில், தனித்தனி வழிகளில் வந்த இவ்விரு பூச்சிகளும் ஒளியை அடுக்குகளால் பச்சையாக்கும் ஒரே உத்தியைக் கையாள்கின்றன. இது இயற்கையின் வியப்புகளுள் ஒன்று.

ஆனால், அந்தப் பச்சைக்குப் பின்னால் இரு வேறு உலகங்கள் இருக்கின்றன. ஒன்றின் உலகம் கற்களுக்கு அடியில் ஓடும் குளிர்ந்த நீர். மற்றொன்றின் உலகம் மரத்தைப் பற்றி ஏறும் நச்சுக்கொடி. மரங்களை மட்டும் எண்ணிப் பார்ப்பவருக்கு இவ்விரண்டும் கண்ணில் படா. காடு என்பது மரங்களின் கூட்டம் மட்டுமன்று; ஓடையும், சேறும், கொடியும், வெயில் விழும் சிறு இடைவெளியும் சேர்ந்ததே காடு. அவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஓடைக்கரையில் ஒரு பச்சை அணைந்துவிடும்.